மனப்பாடச் சொற்களும் மருந்தறைச் சொற்களும்

விருதுநகர்ப் பேருந்து நிலையத்தின் வாயிலில், நடைபாதையில் விரித்த சாக்கின்மீது புத்தகங்கள் பரப்பப்பட்டிருந்தன. ஒருபுறம் இராசிபலன், கனவுப் பலன், பல்லி விழும் பலன்! மறுபுறம் ஆங்கிலச் சொற்பொருள் ஏடுகள். முப்பதே நாட்களில் மூவாயிரம் சொற்கள் என்று அட்டையிலேயே அறைகூவும் ஏடுகள். நாம் நின்றிருந்த நேரத்தில் பல்லியைத் தேடி ஒருவரும் வரவில்லை. சொற்பொருள் ஏட்டையே இளைஞர்கள் எடுத்துப் புரட்டினர், பேரம் பேசினர், வாங்கினர். காலம் மாறுகிறது என்று களிப்புற்றோம். அந்தக் களிப்பு, சிவகாசிப் பேருந்தில் ஏறி அமரும்வரைதான் நீடித்தது. பக்கத்து இருக்கையில் அமர்ந்த இளைஞர், வாங்கிய ஏட்டை மடியில் விரித்தார், ஒரு வரியைப் பார்த்தார், கண்களை மூடினார், உதடுகள் அசைந்தன. "மேக்னானிமஸ் – பெருந்தன்மையுள்ள. மேக்னானிமஸ் – பெருந்தன்மையுள்ள. மேக்னானிமஸ்..."

திருத்தங்கல் வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

உணராத ஒலியைக் கண்மூடித் திரும்பத் திரும்பச் சொன்னால் பலன் கிட்டும் என்னும் நம்பிக்கைக்கு என்ன பெயர்? நம் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. திருமணத்தில் புரோகிதர் சொல்வதற்குப் பொருள் என்ன என்று கேட்டவர்கள் நாம். புரியாத மந்திரம் வேண்டாம், மணமக்கள் தமக்குத் தெரிந்த மொழியில் உறுதி கூறட்டும் என்று மேடை போட்டவர்கள் நாம். அதே மந்திரம் வேறொரு மொழியின் சட்டையை மாட்டிக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளைகளின் மேசைமீது வந்து அமர்ந்திருப்பதை மட்டும் காணாதிருக்கலாமா?

"பொருளையும் சேர்த்துத்தானே படிக்கிறார்கள்? இதை மந்திரம் என்பது எப்படி?" என்று கேட்போர் இருப்பர். நாமும் அந்த ஐயத்தோடுதான் அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "தம்பி, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள், கேட்போம்" என்றோம். அவர் சிரித்தார். "வாக்கியமெல்லாம் கேட்கமாட்டான் அண்ணே. நாலு விடை கொடுத்திருப்பான். ஒண்ணைக் கறுப்பாக்கணும், அவ்வளவுதான்."

அவர்மீது நமக்குச் சினம் இல்லை. வங்கித் தேர்வும் அரசுப் பணித் தேர்வும் ஒருபொருட் சொல் கேட்கின்றன, எதிர்ச்சொல் கேட்கின்றன. கேட்பதை அவர் கொடுக்கப் போகிறார். வேலை கிடைத்தால் ஒரு குடும்பம் கரையேறும். ஆயினும், அவர் கற்றது சொல்லும் பொருளும் அன்று. கயிற்றால் ஒன்றோடொன்று கட்டிய இரண்டு ஒலிகள். 'மேக்னா' என்றால் இலத்தீன் மொழியில் பெரிய. 'அனிமஸ்' என்றால் உள்ளம். பெரிய உள்ளம் என்பதே அச்சொல், நம் பெருந்தன்மைக்கு உடன்பிறப்பு என்று சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது புத்தகத்துல இல்லையே அண்ணே" என்றார்.

இல்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

ஆங்கிலம் எதற்கு என்பாரோடு சேர்ந்து பாட நாம் இதை எழுதவில்லை. தமிழும் ஆங்கிலமும் போதும் என்று 1968 சனவரி 23 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்தபோது, உலக அறிவுக்குச் சாளரம் என்று சொல்லித்தான் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டோம். சாளரம் வைத்த வீட்டில், வெளியே பார்க்காமல் சாளரத்தின் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பவனைக் கண்டால் என்ன சொல்வோம்?

சொற்பொருள் நூல்களுக்கெல்லாம் தலைமை நூலாக நம் இளைஞர் கைகளில் உலவுவது, அமெரிக்கரான நார்மன் லூயிசு எழுதி 1949இல் வெளிவந்த 'வேர்டு பவர் மேட் ஈசி'. குறை கூறுமுன் நிறையைச் சொல்வதே முறை. அந்நூல் பட்டியல் அன்று. 'ஈகோ' என்றால் நான். அந்த வேரிலிருந்து, எல்லாம் எனக்கே என்பவரையும் எப்போதும் தம்மைப் பற்றியே பேசுபவரையும் அது தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. 'ஆல்டர்' என்றால் பிறர். அதிலிருந்து பிறர் நலம் பேணுபவர் பிறக்கிறார். வேரைக் காட்டிக் கிளையைக் காட்டி, வாசகரை வினவி, சற்று நேரம் கழித்து மீண்டும் வினவுகிறார் லூயிசு. நல்லாசிரியர். ஆனால் அவர் எழுதியது தம் நாட்டு மக்களுக்கு. முதலில் மனிதரின் குணவகைகள், அடுத்து மருத்துவரின் வகைகள் என்று அவர் உலகம் விரிகிறது. அது அவர் குற்றமன்று. நம் ஏட்டு வாணிகர் செய்வதுதான் குற்றம்! இத்தகைய நூல்களின் சொற்களை மட்டும் உருவி, வேரை வெட்டி எறிந்து, வினாக்களை விலக்கி, இடப்பக்கம் ஆங்கிலம் வலப்பக்கம் தமிழ் என்று அச்சிட்டு விற்கிறார்கள். கரும்பைப் பிழிந்து, சாற்றைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுச் சக்கையைச் சந்தைக்குக் கொண்டுவரும் வாணிகம்!

லூயிசு தம் மண்ணில் செய்ததை நாம் நம் மண்ணில் செய்து பார்த்தால் என்ன? பேருந்து சிவகாசியை அடைந்தது. அந்த ஊரில் ஆங்கிலச் சொல்லுக்கா பஞ்சம்! 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் தொட்டு, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்கள் அந்த வறண்ட நிலத்தில் வேரூன்றின. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணத்தாள் வேண்டும் என்பதற்காக வளர்ந்த அச்சகங்கள், பின்னர் நாட்காட்டியும் பாடநூலும் குறிப்பேடும் அச்சிட்டன. பட்டாசுப் பெட்டியின்மேல் ஆங்கிலம், வேதிப்பொருள் வந்திறங்கும் மூட்டையின்மேல் ஆங்கிலம், உரிமத்தில் ஆங்கிலம். அச்சொற்களுக்கு நடுவே காலை முதல் மாலைவரை அமர்ந்து உழைக்கும் மக்களின் ஊர் அது.

'எக்ஸ்ப்ளோட் – வெடி' என்று ஏட்டில் ஒரு வரி. முடிந்தது கதை. ஆனால் அச்சொல்லின் வரலாறு பகுத்தறிவாளர் அறிந்து சுவைக்க வேண்டிய ஒன்று. பண்டை உரோமாபுரியில் நாடகம் பிடிக்காவிட்டால், மக்கள் கைதட்டி ஓசையெழுப்பி நடிகனை மேடையை விட்டு விரட்டுவர். அப்படிக் கைதட்டி வெளியேற்றுவதே அச்சொல்லின் முதற்பொருள். பாராட்டிக் கைதட்டுதலைக் குறிக்கும் 'அப்ளாட்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். பின்னர் ஆங்கிலத்தில், பொய்க் கருத்தை எள்ளி நகையாடி விரட்டுவதற்கு அச்சொல் பயன்பட்டது. மருந்து வெடித்துச் சிதறுவதை அது குறித்தது அதற்கும் பிறகே. மூடக்கருத்தை மேடையிலிருந்து துரத்தும் பணிக்கு ஆங்கிலத்தில் இப்படியொரு சொல் இருக்க, நம் பிள்ளைகள் அதை வெறும் 'வெடி' என்று கற்று வைத்திருக்கிறார்கள்!

பட்டாசின் திரிக்கு 'ஃபியூஸ்' என்று பெயர். அதன் வேர், இலத்தீனில் நூல் நூற்கும் கதிர். வானில் சீறும் 'ராக்கெட்', வடிவ ஒற்றுமையால், நூற்கும் கோலுக்கு இத்தாலியர் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. தீக்குச்சியைக் குறிக்கும் 'மேட்ச்' பழைய பிரெஞ்சு மொழியில் விளக்குத்திரி. முறுக்கித் திரித்ததால் 'திரி' என்று தமிழர் பெயரிட்டதும் அதே நூற்கும் கையை நினைந்துதான் அன்றோ! வீட்டு மின்பெட்டியில் 'ஃபியூஸ்' போயிற்று என்கிறோமே, அது வேறு சொல். உருகுதல் என்னும் வேரில் முளைத்தது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. பிறப்பால் வேற்றுமை உண்டு என்று நாம் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றே!

'மேகசின்' என்றால் என்ன என்று கல்லூரி மாணவரைக் கேளுங்கள், இதழ் என்பார். பட்டாசு ஆலைத் தொழிலாளரைக் கேளுங்கள். வெடிபொருளை இருப்பு வைக்கும் தனிக்கட்டடம் என்பார். இருவர் சொல்வதும் சரியே. பண்டசாலையைக் குறித்த அரபுச் சொல் ஐரோப்பாவுக்குச் சென்று படைக்கலக் கிடங்காயிற்று. 1731இல் இலண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்றோர் ஏடு தோன்றியபோது, பலவகைச் செய்திகளின் கிடங்கு என்னும் கருத்தில் இதழுக்கும் பெயராயிற்று. நீங்கள் கையில் வைத்திருக்கும் இதுவும் ஒரு கிடங்குதான். வெடிப்பதும் வெடிக்காததும் படிப்பவரைப் பொறுத்தது.

'சார்ஜ்' என்பது இன்னும் சுவையானது. செல்பேசிக்கு ஏற்றுவது என்று குழந்தையும் அறியும். கடையில் அது கட்டணம், மருந்தறையில் குழாய்க்குள் செலுத்தும் மருந்து, வழக்குமன்றத்தில் குற்றச்சாட்டு. நான்கும் நான்கு சொற்களா? இல்லை. வண்டியில் ஏற்றும் சுமை என்பதே வேர். குழாயில் ஏற்றினால் மருந்து, வாங்குவோன்மேல் ஏற்றினால் விலை, கூண்டில் நிற்பவன்மேல் ஏற்றினால் குற்றம். 'ரிப்போர்ட்' என்பதற்கு அறிக்கை என்று மட்டும் ஏடு சொல்லும். வெடியோசைக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். ஓசையாகிய 'ரிப்போர்ட்' கேட்ட சில நாட்களில் அறிக்கையாகிய 'ரிப்போர்ட்' வெளிவருவது, அந்த வட்டாரத்து மக்கள் நன்கறிந்த கொடிய சிலேடை.

ஏடுகளின் பெருங்குறைக்கு இப்போது வருவோம். நீளமான சொல்லே கடினமான சொல், அரிய சொல்லே உயர்ந்த சொல் என்று அவை நம்ப வைக்கின்றன. 1992இல் நடுவண் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. குளோரேட்டோடு கந்தகம் கலந்த வெடிமருந்துக்குத் தடை. அதில் 'அட்மிக்ஸ்சர்' என்னும் சொல் வருகிறது. ஏட்டில் தேடினால் 'கலவை' என்று கிடைக்கும். கிடைத்து என்ன பயன்? கந்தகத்துக்குத் தடையா? அன்று, கரிமருந்தில் கந்தகம் உண்டு. குளோரேட்டுக்குத் தடையா? அன்று, தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. பட்டாசில் இது அதனோடு சேர்வதற்கே தடை. சேர்ந்தால் சிறு உராய்வுக்கும் அடிக்கும்கூடத் தீப்பற்றும் என்பதே காரணம். ஆக, உயிரைக் காக்கும் பொருள் அந்த நீளச்சொல்லில் இல்லை. 'உடன்' என்னும் பொருள்தரும் 'வித்' என்னும் சிறுசொல்லில் தொங்குகிறது. 'ஷல்' என்றால் செய்தே தீரவேண்டும். 'மே' என்றால் செய்யலாம். 'அன்லெஸ்' என்று ஒரு சொல் நுழைந்தால் விதியே தலைகீழாகும். இச்சொற்கள் எந்த உயர்சொல் ஏட்டிலாவது உண்டா? எளிய சொற்களாம், எல்லோருக்கும் தெரியுமாம்!

அறிஞர் அண்ணா, ஒரே வாக்கியத்தில் 'பிகாஸ்' என்னும் சொல் மும்முறை அடுத்தடுத்து வருமாறு பேசிக் காட்டினார் என்று மேடைதோறும் சொல்லப்படும் கதையை அறியாதார் இல்லை. கதையை ஆராய்வதைக் காட்டிலும் கதைக்குள் இருக்கும் சொல்லை ஆராய்வது நமக்குப் பயன் தரும். அண்ணாவின் ஆங்கிலப் புலமையைப் போற்ற நினைத்த மக்கள், வாயில் நுழையாத பெருஞ்சொல் ஒன்றைத் தேடிப் போகவில்லை. 'ஏனெனில்' என்று பொருள்படும் சின்னஞ்சிறு சொல்லைத்தான் எடுத்தனர். நாமோ கதைக்குக் கைதட்டிவிட்டு, கடைக்குப் போய் மூவாயிரம் சொல் வாங்குகிறோம்.

'ஆக்குபையர்' என்றால் குடியிருப்பவர் என்கிறது ஏடு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அச்சொல்லால் குறித்ததோ, ஆலையின் நடவடிக்கைகள்மீது இறுதிக் கட்டுப்பாடு உடையவரை. விபத்து நேர்ந்ததும் போர்மேன் கைது என்று செய்தி வருகிறதே, அப்போது அந்த இறுதிக் கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்று கேட்க இச்சொல் தெரிந்திருக்க வேண்டாமா? இறந்தோர் குடும்பத்துக்கு ஈடு வழங்கிய 1923ஆம் ஆண்டுச் சட்டம், 2009ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை 'வொர்க்மேன்' என்றே பெயர் தாங்கியிருந்தது. பொருளில் பெண்ணும் அடக்கம். பெயரில் ஆண் மட்டும்! பட்டாசுக்குத் தாள் சுருட்டுவதிலும் தீப்பெட்டி ஒட்டுவதிலும் விரல் தேய்ந்த பெண்களின் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, பெயர் வெறும் பெயர் என்று விட்டுவிட முடியவில்லை.

தமிழ்ச்சொல் மட்டும் மந்திரமாகாதா? ஆகும், நம்மையும் குறை கூறாமல் விட்டால் இந்தத் திறனாய்வு நேர்மையாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் ஒரே ஆலையில் கருகின. அதற்கு முன்னும் விபத்துகள், பின்னும் விபத்துகள். மறுநாட் செய்திகளில் அடிக்கடி வந்து அமரும் சொல் 'உராய்வு'. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்ததாம். பொய்யன்று. ஆனால் உராய்வு இரண்டு பொருள்களுக்கு இடையே நிகழ்வது. அறையில் அளவுக்கு மேல் மருந்து குவிக்கப்பட்டிருந்ததா, அளவுக்கு மேல் ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தார்களா, உரிமம் ஒருவர் பெயரிலும் ஆலை உள்குத்தகைக்காரர் கையிலும் இருந்தனவா என்னும் வினாக்கள் மனிதருக்கு இடையே எழ வேண்டியவை. எழும் முன்பே அவற்றின் வாயை அடைத்துவிடுகிறது அந்த ஒற்றைச் சொல். முன்பு 'விதி' என்றார்கள்; இப்போது 'உராய்வு' என்கிறார்கள்.

'பசுமைப் பட்டாசு' மற்றொன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கி, மாசு குறைந்த பட்டாசுக்கு மட்டும் இடம் தந்தது. அந்தத் தீர்ப்பின் சொற்களுக்குப் பொருள் என்ன என்று தெளியாமல், சிவகாசி வட்டாரத்து ஆலைகள் பல மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு ஒரு பெயரடையின் பொருளுக்காகக் காத்திருந்தது! ஏட்டைப் புரட்டினால் 'கிரீன் – பச்சை'. வேதியியல் அறிந்தோர் இங்கே சிரிப்பர். ஏனெனில், பட்டாசில் பச்சை ஒளியைத் தருவதே பேரியம் உப்புதான். பச்சை நிறத்தைத் தரும் பொருளை விலக்கிய பட்டாசுக்குப் பச்சைப் பெயர்! 'பசுமை' என்று நாம் மொழிபெயர்த்தது தவறன்று. ஆனால் அச்சொல் எதைச் சேர்க்கச் சொல்கிறது, எதைக் குறைக்கச் சொல்கிறது என்று மருந்து கலப்பவருக்கு விளங்குமாறு தமிழில் எழுதி வைக்காமல், பெயரை மட்டும் பெயர்த்துக் கொடுத்தோம்.

இத்தனைக்கும் நம்மிடம் கருவியில்லாமல் இல்லை. சிதம்பரநாதனார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை 1963 முதல் 1965 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதற்கும் நெடுநாள் முன்பே, மருத்துவர் சாமுவேல் கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இவர்கள் பொருளை முதலில் கண்டார்கள். சொல்லைப் பிறகு அமைத்தார்கள். பெயர் தெரியாத நம் தொழிலாளரும் அதையே செய்திருக்கிறார்கள். ஆங்கிலர் 'பாறையின் உப்பு' என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் வழங்கும் பொருளை, அதன் வேலையைக் கண்டு 'வெடியுப்பு' என்றார்கள். எது தெளிவான பெயர்?

காமராசர் பிறந்த ஊர் விருதுநகர். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டிப் பள்ளி நடத்திய ஊர் அது. அப்பள்ளியில் சில ஆண்டுகளே படித்து, இளமையிலேயே வெளியேறிய அவர், பின்னாளில் சிறையில் செய்தித்தாளும் நூலும் படித்து ஆங்கிலம் பழகினார். பட்டியலை உருப்போட்டு அன்று. நாட்டில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டிய தேவையால். நம் படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன? ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டு, பொருள் கேட்டு, மறுத்துப் பேசி வளர்ந்த இயக்கம் இது. சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் உள்ள தோழர்கள் வாரம் ஒரு மாலை, பட்டாசுப் பெட்டியின் எச்சரிக்கையை ஒரு நாள், உரிமத்தின் விதிகளை ஒரு நாள், தீர்ப்பின் ஒரு பத்தியை ஒரு நாள் என்று எடுத்து வைத்துப் படிக்கட்டும். மருந்தறையில் வேலை செய்வோரும் அருகில் இருக்கட்டும். மாதத்துக்கு முப்பது சொல் போதும்.

திரும்பும் வழியில், திருத்தங்கலில் ஒரு தோழரின் வீட்டில் சற்று நேரம் தங்கினோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் திண்ணையில் அமர்ந்து உருவேற்றிக்கொண்டிருந்தார்: "ஹைக்ரோஸ்கோபிக் – ஈரம் உறிஞ்சும், ஹைக்ரோஸ்கோபிக் – ஈரம் உறிஞ்சும்." இருபது ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் தாய், உள்ளே அரிசி களைந்துகொண்டே கேட்டார்: "ஏம்மா, மழைக்காலத்துல மருந்து நமுத்துப் போகுமே, அதுக்கா இந்தப் பேரு?"

பிள்ளை நம்மைப் பார்த்தார். ஆம் என்று தலையசைத்தோம். "எந்த மருந்தும்மா சீக்கிரம் நமுக்கும்?" என்று கேட்டுக்கொண்டே, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.